தாய் வீடு ஜெலாப்பாங்குக்கு வந்தது

பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகிற வீட்டில், குழந்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஒரே ஆளை நான் என் வாழ்க்கையில் சந்தித்திருக்கிறேன். சிஸ்டர் அப்படித்தான் நிற்பார். ஈப்போவுக்குத் தெற்கே, இன்று பாதி செம்பனையும் பாதி வீடமைப்புத் திட்டமுமாகிவிட்ட ஒரு ரப்பர் தோட்டத்தின் தொழிலாளர் வரிசையில், ஒரு லயத்து வீட்டில் அதை முதன்முதலாகப் பார்த்தேன். தொட்டிலைச் சுற்றி ஏகப்பட்ட தலைகள். மூக்கு யாருடையது, காது யாருடையது, நிறம் எந்தப் பக்கத்துச் சொத்து என்று பாகப்பிரிவினை நடந்துகொண்டிருந்தது. சிஸ்டர் அந்தக் கூட்டத்தைத் தாண்டி, சுவரோரம் பாயில் கிடந்த பெண்ணிடம் நேராகப் போனார். அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். வயிற்றில் கைவைத்து அழுத்தினார். கெண்டைக்காலைத் தொட்டார். அதன் பிறகுதான் கூட்டத்தின் பக்கம் திரும்பி, "பிள்ளை தன்ரபாட்டில வளரும். இவவை ஆர் பாக்கிறது?" என்று கேட்டார். தலைகள் மறுபடி தொட்டிலுக்குள் குனிந்தன. வாசலில் நின்ற எனக்கு அமைதி என்றால் ஆகாது. "நான் பாக்குறேன் சிஸ்டர்" என்றேன். அந்தப் பெண்ணின் கணவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். நான் வேனைத் துடைக்கப் போய்விட்டேன்.

அப்போது நான் சுகாதார இலாகாவில் வேன் ஓட்டுநர். சிஸ்டர் எங்கள் வட்டாரத்துத் தாய்சேய் நலத் தாதியருக்குத் தலைவி. யாழ்ப்பாணத்துப் பூர்வீகம், அவருடைய அப்பா ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சீருடையும், மூன்று தலைமுறை பேராக் மாநிலத்தில் வாழ்ந்தும் மாறாத பேச்சுமாகத் தோட்டத்துக்குள் இறங்கினால், "பெரிய மிஸ்ஸி வந்துட்டாங்க" என்று லயம் முழுக்கச் சொல்லி அனுப்பப்படும்; தாதியை அங்கே மிஸ்ஸி என்பார்கள். என் வேலை அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. தேவைப்பட்டால் வலி கண்ட பெண்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவது. பின்னால் ஒரு பெண் முனகத் தொடங்கினால் எனக்குப் பயம் பிடித்துவிடும். பயந்தால் வாய் ஓடும், வேனைவிட வேகமாக. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாயில் வந்த நகைச்சுவையெல்லாம் சொல்வேன். சில பெண்கள் வலியையும் மறந்து சிரித்திருக்கிறார்கள். ஒருத்தி மட்டும், "அண்ணே, நீங்க வாய மூடினா நான் இங்கேயே பெத்துப் போட்டுட்டு நிம்மதியா எறங்கிடுவேன்" என்றாள். தைரியசாலி என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது. பயந்தாங்கொள்ளி என்பது சிஸ்டருக்கு மட்டும் தெரியும். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.

கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கும் புத்தகத்தின் மேல் ஒரு நிற ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். வெள்ளை என்றால் கவலையில்லை. பச்சை, மஞ்சள் என்று ஏறி, சிவப்பு என்றால் ஆபத்து, உடனே பெரிய ஆஸ்பத்திரி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்ற நல்ல ஏற்பாடு. எங்கள் ஆட்களுக்கு அது வேறு விதமாகப் புரிந்தது. ஒரு மாமியார் கிளினிக்கில் வந்து சண்டை பிடித்தார்: "பக்கத்து வீட்டுக்காரிக்குச் செவப்பு ஒட்டிருக்கீங்க, என் மருமவளுக்கு வெறும் வெள்ளையா? நாங்க என்னா கொறைஞ்சு போயிட்டோம் மிஸ்ஸி?" குங்குமமும் மஞ்சளும் மங்கலம், வெள்ளை ஆகாது என்று பழகிய கண்ணுக்கு வேறெப்படித் தெரியும்? சிஸ்டர் சிரிக்கவில்லை. "வெள்ளை கிடைச்சதுக்குப் போய்க் கோயில்ல தேங்காய் உடையுங்கோ அம்மா" என்றார். அந்த அம்மா உண்மையிலேயே போய் உடைத்ததாகக் கேள்வி.

பிரசவத்தில் தாய்மார் இறப்பதைக் குறைத்துக் காட்டிய நாடு என்று நமக்கு வெளியே நல்ல பெயர். எப்படிச் செய்தீர்கள் என்று பார்க்க, நம்மைவிடவும் சின்ன நாடுகளிலிருந்து, தீவுகளிலிருந்து அதிகாரிகள் வருவார்கள். அவர்களை ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவதும் என் பொறுப்புதான். ஒரு தீவிலிருந்து வந்த மனிதர் வழியெல்லாம் குறைப்பட்டுக்கொண்டே வந்தார். அவருடைய நாட்டில் பிறப்பே கொஞ்சம். ஒரு தாய் இறந்துவிட்டால் வரைபடத்தில் அந்த வருடத்துக் கோடு மலையேறி நிற்கும். ஒருவரும் இறக்கவில்லையென்றால் தரையில் படுத்துவிடும். இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியவில்லை என்றார். சிஸ்டர் ஆங்கிலத்தில் ஏதோ பதில் சொன்னார். அவரை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "பெரிய நாட்டில அது எண் தம்பி. சின்ன நாட்டில அது ஆள். கணக்கு எழுதுறவனே செத்த வீட்டுக்கும் போய் வந்திருப்பான். அது குறை இல்லை, அதுதான் உங்கட பலம் எண்டு சொன்னனான்" என்றார். எனக்கு அது அப்போது சரியாக விளங்கவில்லை. விளங்காத விஷயத்துக்குத் தலையாட்டுவது எனக்குக் கைவந்த கலை. ஆட்டினேன்.

விளங்க வைத்தது ஒரு தோட்டத்துப் பெண். அந்தச் சமயத்தில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டுக்கொண்டிருந்தன. லயத்தில் இருந்தவரை, எந்த வீட்டில் யார் உண்டாகியிருக்கிறாள் என்பது குழாயடியிலேயே தெரிந்துவிடும். சிஸ்டர் ஒரு வரிசையை நடந்து முடித்தால் அத்தனை பேரையும் பார்த்துவிடலாம். லயம் காலியானதும் சனங்கள் சிதறினார்கள். சிலர் ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்து மலிவு விலை அடுக்குமாடிகளில் ஏறினார்கள்; சிலர் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள். அந்தப் பெண்ணுக்கு அது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து, வழக்கப்படி, வேறொரு மாவட்டத்திலிருந்த தாய் வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டார்கள். இங்கிருந்த கிளினிக், அவள் அங்கே பார்த்துக்கொள்வாள் என்று நினைத்தது. அங்கிருந்த கிளினிக்குக்கு அப்படி ஒருத்தி வந்ததே தெரியாது. முகமும் காலும் வீங்கியபோது, பிள்ளைத்தாய்ச்சி நன்றாகப் பூரித்திருக்கிறாள் என்று பெற்றவர்கள் மகிழ்ந்தார்கள். அது ஏறிய ரத்த அழுத்தத்தின் அடையாளம்; பிறகு வலிப்பு வந்தது. தாயும் போய், பிள்ளையும் போனது.

காரியம் முடிந்த பின் சிஸ்டர் அந்த வீட்டுக்குப் போனார். நான்தான் ஓட்டினேன். அந்தத் தாய் சிஸ்டரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. பெண்ணுக்காகக் கட்டி வைத்திருந்த பத்தியச் சாமான்களை, சுக்கும் பூண்டும் பெருங்காயமுமாக, அப்படியே கொண்டுவந்து காட்டினார். "எல்லாம் சரியாத்தானே மிஸ்ஸி வாங்கி வச்சேன்?" என்று கேட்டார். சிஸ்டர் தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பொட்டலமாக வாங்கிப் பார்த்து, "எல்லாம் சரி அம்மா" என்று சொன்னார். இலாகாவில் இப்படி ஒவ்வொரு மரணத்தையும் எடுத்து வைத்துக் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். யார் மேல் தப்பு என்று கேட்கக்கூடாது, எந்த இடத்தில் கை நழுவியது என்று மட்டுமே பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்தக் கூட்டத்திலிருந்து வெளியே வந்து வேனில் ஏறிய சிஸ்டர், சிம்பாங் பூலாய் ஊரைத் தாண்டியதும், "கோடு கீழ வந்திட்டுது எண்டு கை தட்டுறவை தட்டட்டும். கடைசியா மிஞ்சி நிக்கிற கொஞ்சப் பேர் இருக்கினம் தம்பி, அவையைத்தான் கண்டுபிடிக்கேலாது. அவை எங்க போறவை எண்டு அவைக்கே தெரியாது" என்றார்.

இதற்கு அடுத்த ஆண்டு என் மனைவி உண்டானாள். ஸ்கேனில் நச்சுக்கொடி கீழே இறங்கிக் கிடப்பது தெரிந்தது. "பிள்ளை வெளியில வாற வாசலை மறிச்சுக்கொண்டு கிடக்கு. வலி இல்லாமலே ரத்தம் போகும். எந்த நேரம் எண்டு சொல்லேலாது" என்று சிஸ்டர் எங்களுக்கு விளக்கினார். புத்தகத்தில் சிவப்பு ஒட்டினார்கள். சில வாரங்களில் வார்டில் சேர்த்துக்கொள்வதாக டாக்டர் சொன்னார். அதுவரை ஆஸ்பத்திரிப் பக்கத்தை விட்டு நகரக்கூடாது. நாங்கள் அப்போது ஜெலாப்பாங்கில் வாடகைக்கு இருந்தோம். ஆஸ்பத்திரி பக்கம்தான். ஆனால் என் அத்தை, அதாவது மனைவியின் அம்மா, இருந்தது ஒன்றரை மணி நேரம் தள்ளியிருந்த பாரிட் புந்தாரில். வளைகாப்புக்கு நாள் பார்த்தாகிவிட்டது. அது முடிந்த கையோடு பெண்ணை அழைத்துப் போவதற்கு அவர் தன் வீட்டுக்குச் சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது.

அத்தையிடம் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு எனக்கு. மூன்று முறை பாரிட் புந்தாருக்குப் போனேன். முதல் முறை வானிலை பற்றிப் பேசிவிட்டு வந்தேன். இரண்டாம் முறை வயலில் இந்தப் போகம் நெல் எப்படி என்று விசாரித்தேன். மூன்றாம் முறை, "அத்தை, ஆஸ்பத்திரில என்னா சொல்றாங்கன்னா" என்று தொடங்கியதுதான் தாமதம், "தலப்பிரசவத்துக்குப் பொண்ண அனுப்ப மாட்டேன்னா எப்படி மாப்ள? பெத்தவளுக்குப் பத்தியச் சோறு ஆக்கிப் போடக்கூட வக்கில்லன்னுல்ல ஊரு பேசும்? என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, எனக்கு மீன் குழம்பு ஊற்றினார். குழம்பு அபாரம். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் மனைவி, "சொன்னீங்களா?" என்று கேட்டாள். "ஏறக்குறைய" என்றேன். அவள் அழுதாள். அவளுக்கும் பயம், ஆனால் தன் அம்மாவுக்குத் தலைகுனிவு வரக்கூடாதென்ற பயம் அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. செத்துப்போவோம் என்பதைக் காட்டிலும் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதற்கு அஞ்சுகிற ஆட்கள் நாங்கள்.

எங்கள் ஜெலாப்பாங் வீட்டில் வளைகாப்பு நடந்த அன்று சிஸ்டர் வந்தார். அழைத்தது நான்தான், வேறு வழி தெரியவில்லை. சீருடை இல்லாமல் பட்டுச் சேலையில் வந்ததால் பலருக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. மற்றப் பெண்களோடு வரிசையில் நின்று என் மனைவிக்குச் சந்தனம் பூசி, வளையல் போட்டார். பந்தி முடிந்ததும் அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். செத்துப்போன பெண்ணைப் பற்றிச் சொல்லப்போகிறார், அத்தை மயங்கி விழப்போகிறார் என்று நான் தண்ணீர்ச் சொம்போடு தயாராக நின்றேன். சிஸ்டர் அதை எடுக்கவே இல்லை. "அம்மா, தாய் வீடு எண்டு சொல்லுறம். அந்த வீட்டில தாய் இல்லாட்டி என்ன சொல்லுவம்?" என்று கேட்டார்.

"தாயி இல்லாத வீடு எப்படி மிஸ்ஸி தாய் வீடாவும்?"

"அப்ப தாய் எங்க இருக்கிறாவோ அதுதானே தாய் வீடு. நீங்கள் இஞ்ச வாங்கோ. உங்கட அடுப்பு, உங்கட பானை, உங்கட சாமிப் படம் எல்லாம் கொண்டு வாங்கோ. பிள்ளை பிறந்து நாப்பது நாள் கழியுமட்டும் இது உங்கட வீடு."

அத்தை என்னைப் பார்த்தார். "அப்ப மாப்ள?"

"தம்பி வெளியில போகட்டும்" என்றார் சிஸ்டர், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். "மாமியார் வீட்டில மருமகன் குந்தி இருக்கிறது வடிவில்லைத்தானே."

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. அத்தை சிரிக்கவில்லை, யோசித்தார். சொந்தக்காரர்களில் மூத்த ஒரு பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தார். பெரியம்மா வெற்றிலையை மென்று முடித்து, "அடுப்பு அவளோடதுன்னா வீடும் அவளோடதுதான் லா" என்று எங்கள் ஊர்ப் பேச்சின் 'லா'வையும் சேர்த்துத் தீர்ப்புச் சொன்னார். அந்த வாரமே பாரிட் புந்தாரிலிருந்து ஒரு லாரியில் தாய் வீடு வந்து இறங்கியது. ஆணியில் தொங்கிய என் சட்டைகளை அத்தையே மடித்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். எங்கள் தெரு முனையில் உணவுக்கடை வைத்திருந்த பாய், கடை மாடியில் எனக்கு ஓர் அறை ஒதுக்கினார். "என்னா மச்சான், பொண்டாட்டி தொரத்திட்டாளா?" என்று அவர் கேட்க, "இல்ல பாய், மாமியா வீடே நம்ம வீட்டுக்கு வந்துருச்சு லா" என்றேன். வாடகை கொடுத்த வீட்டுக்கே விருந்தாளியாகப் போனேன். வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, "அத்தை" என்று குரல் கொடுத்தால்தான் கதவு திறக்கும். ஒருநாள் வெறுங்கையோடு போக வேண்டாமென்று பப்பாளிப் பழம் வாங்கிப் போனேன். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பப்பாளி! அத்தை அதை வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்த வேகத்தைப் பார்த்து, நம் நாட்டுக்கு விளையாட்டில் ஒரு பதக்கம் தவறிப்போனதே என்று நினைத்துக்கொண்டேன்.

வார்டில் சேர வேண்டிய நாளுக்கு முன்பாகவே அது நடந்தது. காலை நேரம். பாய் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் கால் வைக்காத அத்தை, தலைமுடி அவிழ்ந்து கிடக்க, கடைக்குள் வந்து நின்று, "மாப்ள, ரத்தம்" என்றார். அதற்குப் பிறகு நடந்ததை நான் பலமுறை பல சபைகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். மனைவியைத் தூக்கிக்கொண்டு வந்து என் பழைய காரின் பின் இருக்கையில் கிடத்தி, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "போ, போ, சீக்கிரம் போ!" என்று கத்தினேன். கார் போகவில்லை. இன்னும் பலமாகக் கத்தினேன். முன்னால் உட்கார்ந்திருந்த அத்தை திரும்பி, "மாப்ள, வண்டிய யாரு ஓட்டுறது?" என்று கேட்டார். மாவட்டத்தில் எத்தனையோ பெண்களை ஏற்றிப்போய்ச் சேர்த்த ஓட்டுநரான நான், என் மனைவி என்றதும், ஓட்டுநர் வருவார் என்று பின்னால் உட்கார்ந்து காத்திருந்தேன். கைலியும் தோளில் கடைத் துண்டுமாக எங்கள் பின்னாலேயே ஓடிவந்த பாய், "நகருடா" என்று யாரையும் நகர்த்தாமலே முன்கதவைத் திறந்து ஏறி ஓட்டினார். என் மனைவி கண்ணை மூடியபடி, "ஏதாச்சும் பேசுங்க" என்றாள். வாழ்நாள் முழுக்க ஓடிய வாய் அன்று ஓடவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அது குளிர்ந்துகொண்டே வந்தது.

பாரிட் புந்தாரிலிருந்து ஈப்போவுக்கு வரும் பாதை எவ்வளவு நீளம் என்பது எனக்கு மனப்பாடம். ஜெலாப்பாங்கிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு பக்கம் என்பதும் தெரியும். அன்று அந்தப் பக்கமே தொலைவாக இருந்தது. உள்ளே கொண்டுபோனதும் இளம் மலாய் டாக்டர் ஒருவர் வெளியே வந்தார். ரத்தம் நிற்கவில்லையென்றால் கர்ப்பப்பையை எடுக்க வேண்டிவரும், சம்மதம் வேண்டும் என்றார். பேனாவை வாங்கினேன். அத்தைக்கு இது தலைப் பேரப்பிள்ளை. குலம், வம்சம், அடுத்தது ஆண்பிள்ளை என்று பேசியே வளர்ந்தவர். அவரிடம் எப்படிச் சொல்வது என்று திரும்பினேன். வழக்கம் போல வானிலை பற்றித் தொடங்கியிருப்பேனோ என்னவோ. அவரே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "போடு மாப்ள. எனக்கு என் பொண்ணு வேணும்" என்றார். கையெழுத்து என்று நான் அன்று போட்டதை எந்த வங்கியும் ஏற்றுக்கொண்டிருக்காது. பாய் கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ரத்தம் எங்கே கொடுப்பது என்று வழி கேட்டுப் போனார்.

முதலில் குழந்தைதான் வெளியே வந்தது. பெண். அத்தை வாங்கிக்கொண்டார். எனக்கு அதன் பக்கம் பார்வையைத் திருப்ப முடியவில்லை. எப்போது வந்தார் என்று தெரியாமல் சிஸ்டர் என் பக்கத்து நாற்காலியில் இருந்தார். அவரும் என்னைப் போலவே அந்த மூடிய கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தத் தோட்டத்துப் பிள்ளையின்ர வளைகாப்புக்கும் என்னைக் கூப்பிட்டவை தம்பி. வேலை எண்டு நான் போகேல்லை" என்றார் அவர். டாக்டர் வெளியே வந்து, உயிருக்கு ஆபத்தில்லை என்று தலையசைத்தபோது, என் தோளில் ஒருமுறை தட்டிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அன்றைக்குப் பார்க்க வேண்டிய வேறு வீடுகள் அவருக்கு இருந்தன.

சிஸ்டர் ஓய்வு பெற்றார். நானும் பெற்றேன். பெருந்தொற்றுக் காலத்தில், தாய்மார் மரணக் கோடு மறுபடி தலைதூக்கியதாகச் செய்தி வந்தபோது, சிஸ்டர் தொலைபேசியில் அழைத்து, "இப்ப வீடு வீடா ஆர் போகினம் தம்பி?" என்று கேட்டார். சில ஆண்டுகளுக்கு முன் அவரும் போய்விட்டார். இப்போது பெண்கள் இறப்பது பழைய காரணங்களால் குறைவு என்கிறார்கள். இருதயம், எடை, ஊர் மாறிக்கொண்டே இருக்கும் பிழைப்பு, கையில் அடையாளப் பத்திரம் இல்லாத வாழ்க்கை என்று மரணம் வேறு கதவுகளைத் தேடிக்கொண்டிருக்கிறது. இறந்தவர்களைக் கொண்டுதான் கோடு போட முடியும். இறக்காமல் போனவர்களுக்குக் கோடு கிடையாது. அவர்கள் சந்தையில் கீரை பொறுக்கிக்கொண்டோ, பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டோ கலந்துபோய்விடுகிறார்கள். ஒரு சிஸ்டர் எத்தனை பேரை அப்படிக் கலந்துபோகச் செய்தார் என்பதை எந்தக் கூட்டத்திலும் பேச வழியில்லை.

போன மாதம் எங்கள் மகளைக் கிளினிக்கில் முதல் பதிவுக்குக் கூட்டிப்போனோம். மருமகனுக்கு விடுப்பு இல்லை. நான் காரை நிறுத்திய இடம் சரியில்லையென்று என் மனைவி வாசலிலிருந்து நாற்காலிவரை என்னைக் கண்டித்துக்கொண்டே வந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு இளம் தமிழ்த் தாதி. கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேள்விகளை வரிசையாகக் கேட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது இருதய நோய் உண்டா. மகள் ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றாள்.

"அம்மா உயிரோட இருக்காங்களா?"

மகள் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பாதியில் நின்ற திட்டை எங்கிருந்து தொடரலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"இருக்கேன் லா மிஸ்ஸி" என்றாள்.

தாதி ஒரு விசையைத் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.